கை நனைக்காமல் போன டீச்சர்

நான் ஒரு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. சங்கரன்கோவில் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். கூட்டத்தில் பேச வராது. தலைமையாசிரியர்கள் கூட்டம் நடக்கும்போது டீயைக் கொடுத்துவிட்டுக் கதவோரமாக நின்றுகொள்வேன். யாராவது என்னைப் பார்த்தால் காலி கிளாஸ் எடுக்கிற மாதிரி குனிந்துவிடுவேன்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் என் மனைவி போய்விட்டாள். எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் சத்துணவு சமைத்தவள் அவள். பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. எல்லாம் அங்கேயே முடிந்தது. மகள் கோவில்பட்டியில் இருந்து போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகும் இல்லையா, விரலால் தொட்டால் விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது. மற்றவர்களுக்கு அது கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். எனக்குத் தெளியவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்த சமயத்தில் புது அலுவலர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா. மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் என்னை முதல் நாளே அண்ணாச்சி என்று கூப்பிட்டார். இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

அவர் வந்தது நல்ல நேரம் இல்லை. வாத்தியார்கள் சில பேர் போய்விட்டிருந்தார்கள். பிள்ளைகள் எழுத்தை மறந்திருந்தார்கள். பூப் பறிக்க, ஆடு மேய்க்க, தறிக்கூடத்தில் நூல் எடுத்துக் கொடுக்க என்று வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வர மனமில்லாமல் இருந்தார்கள். இன்னொரு பக்கம், ஊர் ஊராகத் தனியார் பள்ளி மஞ்சள் வேன் வந்து ஆள் பிடித்தது. சின்னப் பள்ளிகளில் ஆகஸ்ட் மாதக் கடைசியில் பிள்ளைகள் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனால் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட வேண்டும் என்று மேலிடத்தில் பேச்சு இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அந்த அளவுக்கு மேலே மயிரிழையில் நின்றுகொண்டிருந்தது.

பழைய அலுவலர்கள் கூட்டம் போட்டால் திட்டுவார்கள். மேடம் திட்டவில்லை. முதல் கூட்டத்திலேயே சொன்னார்.

"யார் மேலயும் தப்பு கண்டுபிடிக்க நான் வரலைங்க. ரெண்டு வருஷம் போயிடுச்சு. மாசத்துக்கு ஒரு படியா ஏறுவோம். ஆனா எந்தப் படியில நிக்கிறோம்னு உண்மையா தெரியணும்."

அதற்கு அவர் கொண்டுவந்த ஏற்பாடு இதுதான். தலைமையாசிரியர்களில் ஒரு மாதம் பாதிப் பேர், அடுத்த மாதம் மறுபாதிப் பேர் என்று, ஒரு காலை வேளை மற்றப் பாதியில் ஒருவருடைய பள்ளிக்குப் போக வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூட்டத்தில் தன் பள்ளியைப் பற்றிப் பேசக் கூடாது, பார்த்து வந்த பள்ளியைப் பற்றித்தான் பேச வேண்டும். அங்கே கற்றுக்கொண்டது ஒன்று, அங்கே உடனே சரி செய்ய வேண்டியது ஒன்று.

அந்த முதல் மாதக் கூட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"சாரு பள்ளிக்கூடத்துல சுவரெல்லாம் படம். கண்ணு கூசுது மேடம்."

"சரி செய்ய வேண்டியது?"

"சரி செய்ய... அப்படிச் சொல்லும்படியா ஒண்ணும் இல்ல மேடம்."

அடுத்தவர் எழுந்தார். பிள்ளைகள் படிப்பதைக் கேட்டால் காதில் தேன் பாய்கிறது என்றார். அதற்கடுத்தவர், தோட்டத்தில் கீரை போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் போடப் போவதாகச் சொன்னார். சரி செய்ய வேண்டியது ஒருத்தருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது மாதமும் அப்படியே.

கூட்டம் முடிந்து மேடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் கண்காணிப்பாளர் வாய் சும்மா இருக்காத மனுஷர். அவர்தான் சொன்னார்.

"மேடம், நீங்க ஆய்வுக்குன்னு அனுப்புதிய. அவுக விருந்துக்குன்னு போறாக. போன எடத்துல கேசரி என்ன, பஜ்ஜி என்ன, எலுமிச்சங்கா சாதம் என்ன. ஒரு எடத்துல கோழியே அடிச்சிருக்காக. வயிறு முட்டத் தின்னுட்டு வந்து எப்படி மேடம் குத்தம் சொல்லுவாக?"

மேடம் சிரித்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். "அப்ப சாப்பாட்டை நிறுத்திடுவோம்" என்றார். அடுத்த மாதம் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் தனித்தனியாகப் போன் செய்து சொன்னார். போகிற இடத்தில் எதையும் சாப்பிடக் கூடாது, காபி கூட. பார்க்கப்படும் பள்ளிக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம், சொன்னால் வருத்தப்படுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. மனைவி போன பிறகு நான் எந்த வீட்டிலும் கை நனைக்கவில்லை. ஆள் போன வீடு என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை. வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுவார்கள். ஒருவர் வேண்டாம் என்று சொல்வதில் என்ன இருக்கிறது என்று என் புத்தி அப்போது பழகியிருந்தது.

அந்த மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தது பனவடலிசத்திரத்துக்குப் போகிற மெயின் ரோட்டில் இருக்கிற பள்ளியின் தலைமை டீச்சர். எங்கள் பள்ளியை இணைப்பதென்றால் அந்தப் பள்ளியோடுதான் இணைப்பார்கள். எங்கள் ஊர்த் தலைமையாசிரியருக்கு அவர் முறைக்குத் தங்கச்சி. சார் இன்னும் ஓய்வு பெறாத, ஆனால் நாள் எண்ணுகிற வயதில் இருந்தார். அவரும் இன்னொரு டீச்சரும்தான் பள்ளிக்கூடம். அவர் மனைவி கிண்டிய கேசரியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்திருந்தார். அன்றைக்கு நான் நோட்டுப் புத்தகக் கட்டுகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே போயிருந்தேன். அதனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

"வாங்க தங்கச்சி. மொதல்ல கைய நனச்சிக்கிடுவோம், பொறவு வகுப்பு எங்க ஓடிரப் போவுது?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. பிள்ளையளப் பாத்துட்டு வாரேன்."

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். வெளியே வந்ததும் சார் வாளியைத் திறந்தார்.

"இப்ப உக்காரும்மா. உங்க மைனி விடிய முன்ன எந்திச்சுக் கிண்டுனது."

"இன்னைக்குச் செவ்வாக்கெழம அண்ணாச்சி. விரதம்."

"எப்பத்துலருந்து?"

"இந்த வாரந்தான்."

"காபியாச்சும் குடிம்மா."

"வேண்டாம் அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதிய."

தண்ணீர் கூடத் தன் பாட்டிலில் இருந்துதான் குடித்தார். சார் வாளியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு தடவை அழுத்தினார். நான் கட்டுகளை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் மனசுக்குப் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். யாரும் எதுவும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் பேசப் போனாலும் அப்படித்தான். சொந்தத்தில் தங்கச்சி முறையானவள், அண்ணன் கையால் ஒரு வாய் சாப்பிடாமல் போனால் முடிவு வேறு மாதிரி என்று அர்த்தம்.

அதோடு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. பூ மார்க்கெட்டில் கூடையை இறக்கிவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி, அதே டீச்சரைச் சத்திரத்து டீக்கடையில் பார்த்துவிட்டாள். பாவம், டீச்சருக்குப் பசி. சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் இதே பேச்சு.

"விரதம்னு சொன்னாவளாம்லா, அங்கன நின்னு பஜ்ஜி திங்குதாவ. ஒண்ணு இல்ல, ரெண்டு."

"அப்ப நம்ம சாரு வீட்டுக் கேசரி மட்டும் தொண்டையில எறங்காதாக்கும்?"

"எப்படி எறங்கும்? பள்ளிக்கூடத்த மூட வந்தவ மூடப் போற எடத்துல கைய நனப்பாளா?"

"ஏட்டி, சும்மா சொல்லாத."

"பின்ன எதுக்கு ஒவ்வொரு பிள்ளையா உக்கார வச்சுப் பாத்தா? அவ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறதுக்குத்தான்."

நான் குடத்தோடு போய் நின்றேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எண்ணே, நீங்க ஆபீஸ்லதான இருக்கிய. உள்ளதச் சொல்லுங்க. மூடுதாவளா?"

"அப்படி ஆர்டர் ஒண்ணும் வரல" என்றேன். அது உண்மை. சாப்பிட வேண்டாம் என்று மேடம் சொன்னது வெளியே சொல்லக் கூடாதது என்று அதைச் சொல்லவில்லை. ஆனால் என் குரல் எப்போதும் போலக் கீழே போய்விட்டது. தரையைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

"பாத்தியா, மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல அவுகளுக்கு" என்றாள் ஒருத்தி. குடம் நிறைந்ததும் நான் வந்துவிட்டேன்.

மறுநாளே மூன்று வீட்டுக்காரர்கள் மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போனார்கள். மூடிய பிறகு போனால் வேனில் இடம் கிடைக்காது, இப்போதே சேர்ந்தால் சீருடைக்குச் சலுகை தருவதாக வேன்காரர் சொல்கிறார் என்றார்கள். சார் கெஞ்சினார். ஆடு வைத்திருக்கிற ஒருவர் மட்டும் நேராகச் சொன்னாராம்: "சாரே, ஒம்ம மேல ஒரு கொறையும் இல்ல. ஒழுகப் போற கூரைன்னு தெரிஞ்சா ஆட்ட முன்னாடியே மாத்திக் கட்டுவம்லா."

அந்த வாரக் கடைசியில் சார் அலுவலகத்துக்கு வந்தார். மேடம் எதிரே உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மூடணும்னா எங்கிட்ட நேர்ல சொல்லிருக்கலாம் மேடம். எந்தங்கச்சிகிட்டச் சொல்லி, கேசரிய வேண்டாம்னு சொல்ல வச்சுத்தான் தெரியப்படுத்தணுமா?"

மேடத்துக்குப் புரியவில்லை. "என்ன சார் சொல்றீங்க? கேசரியா?"

கண்காணிப்பாளர்தான் குறுக்கே வந்து விளக்கினார். இந்த முறை அவர் வேடிக்கை ஒன்றும் பேசவில்லை.

"சாப்பிடாதீங்கன்னு சொன்னது நான்தான் சார். பார்க்கப் போன எல்லாருக்கும் சொன்னேன். உங்க பள்ளிக்கு மட்டும் இல்ல. அந்த டீச்சர் உங்க பள்ளியைப் பத்தி என்ன எழுதிக் கொடுத்திருக்காங்க தெரியுமா? வட்டாரத்துலேயே பிள்ளைங்க நல்லா வாசிக்கிறது அங்கதானாம்."

சார் அதைக் கேட்டார். "வாசிக்கிற பிள்ளையள்தான் மேடம் போயிட்டிருக்கு" என்றார்.

மேடம் திங்கட்கிழமையே எங்கள் ஊருக்கு வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மதியம் பிள்ளைகளோடு வரிசையில் தரையில் உட்கார்ந்து, தட்டு வாங்கி, சத்துணவு சாப்பிட்டார். சாம்பார் சாதமும் முட்டையும். பிள்ளைகளின் அம்மாக்களை வரச் சொல்லியிருந்தார், அவர்கள் வேலிப்பக்கம் நின்று பார்த்தார்கள். சாரின் மனைவி புதிதாகக் கிண்டிக் கொண்டுவந்த கேசரியையும் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். வாங்கும்போது வேலிப்பக்கம் பார்த்தார். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் சாப்பிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நான் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனேன். என் மனைவிக்குப் பிறகு அங்கே நுழைந்தது அன்றுதான். இப்போது சமைக்கிறவர் அடுப்பைச் சன்னல் பக்கமாக மாற்றி வைத்திருந்தார். புகை வெளியே போக அதுதான் வசதி. அது தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை. தண்ணீரை மொண்டுகொண்டு வந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிய மேடம் வேலிப்பக்கம் போய்ப் பேசினார். பள்ளியை மூடும் எண்ணம் இல்லை, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், போனவர்களும் திரும்பி வரலாம் என்றார். எல்லோரும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டினார்கள். ஒருத்தி வெற்றிலை பாக்குக் கூடக் கொடுத்தாள். ஜீப்பில் ஏறியதும் மேடம் என்னிடம், "இனி சரியாயிடும் இல்லையா அண்ணாச்சி?" என்றார். "ஆமா மேடம்" என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சரியாகவில்லை. அன்று சாயங்காலமே குழாயடியில் வேறு பேச்சு. எங்கள் ஊரில் கடைசியாக ஒரு பெரிய அதிகாரி உட்கார்ந்து சாப்பிட்டது, முன்பிருந்த தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற அன்றைக்கு. அதை எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

"பெரிய மேடமே தரையில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்காவ. எதுக்கு?"

"வழியனுப்பு சாப்பாடுதான். வேற எதுக்கு?"

"ரெண்டு தடவ கேசரி வாங்குனாவ. கண்ணு கலங்கி இருந்துச்சு, நான் பாத்தேன்."

மேடத்தின் கண் கலங்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். கேசரியில் சீனி தூக்கல், அதற்கு அவர் முகம் சுளித்தார். அவ்வளவுதான். இதை நான் குழாயடியில் சொல்லவும் செய்தேன். என் வாழ்க்கையில் ஐந்தாறு பேர் முன்னால் நானாக வாய் திறந்தது அது ஒரு தடவைதான். "இல்லம்மா, சீனி கூடிட்டு" என்றேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பொண்டாட்டி சமைத்த பள்ளிக்கூடம், மனசு கேட்காமல் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேடம் சாப்பிட்டுப் போனதற்குப் பிறகுதான் அதிகம் பேர் போனார்கள். திரும்பி வந்தது ஒரே ஒரு வீடு. ஆகஸ்ட் கடைசி நாள் எண்ணிக்கை அந்த அளவுக்குக் கீழே இருந்தது. மேடம் மேலே எழுதிப் பார்த்தார், மாவட்ட அலுவலகத்துக்கு நேரிலும் போய் வந்தார். இந்த வருஷம் மட்டும் விட்டுக் கொடுங்கள் என்று கேட்டதாகக் கண்காணிப்பாளர் சொன்னார். விட்டுக் கொடுக்கவில்லை. ஒரு ஊருக்கு விட்டால் எல்லா ஊரும் கேட்கும் என்றார்களாம். இணைப்பு ஆணை வந்தது. அதைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று மேடம் என்னிடம் கொடுத்தார்.

சார் வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போட்டார். "ஒம்ம வீட்டுக்கு எதிர்க்கவே சத்தம் இல்லாமப் போவும்வே" என்றார்.

"ஆமா சார்."

"ஒமக்கு ஒண்ணும் தோணலியா?"

"தெரியல சார்" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். கை வைத்திருப்பது தெரிந்தது.

பெஞ்சு, பீரோ, சமையல் பாத்திரம் எல்லாம் மெயின் ரோட்டுப் பள்ளிக்குப் போயின. நானும் ஏற்றி இறக்கினேன். அந்தப் பள்ளி டீச்சர் வாசலில் நின்றார். சாரிடம் பேச முயன்றார். "அண்ணாச்சி, அன்னைக்கு எனக்கு என்ன பசி தெரியுமா, வாசனை வேற..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் அழுதுவிட்டார். சார், "விடும்மா. பஜ்ஜியாச்சும் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். டீச்சர் அழுகையோடு சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் மேடம் கண்காணிப்பாளரை உட்கார வைத்துப் புது சுற்றறிக்கை சொன்னார். அதில் முதல் வரியே, சாப்பிட வேண்டாம் என்று முன்பு சொன்ன ஏற்பாடு என் தவறு என்று எழுதச் சொன்னார். கண்காணிப்பாளர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

"மேடம், இது வேண்டாமே. சுற்றறிக்கையில இப்படி யாரும் எழுதுனதில்ல."

"எழுதுங்க சார். நான் ஊரைத் தெரிஞ்சுக்காம சொன்னேன். அவங்க எல்லாம் தங்களோட தப்பைச் சொல்லணும்னா முதல்ல நான் சொல்லணும்."

புது ஏற்பாடு இப்படி. பார்க்கப் போகிறவர் குறையை அந்தப் பள்ளியிலேயே, அந்தத் தலைமையாசிரியர் முகத்துக்கு நேரே முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் வரக் கூடாது.

அது நடந்தது. பின்னால் வந்த மாதங்களில் சண்டையும் நடந்தது, சாப்பாடும் நடந்தது. கரிவலம் பக்கத்துச் சார் ஒருவர், "நாலாப்புப் பிள்ள புத்தகத்தத் தலகீழா வச்சுக்கிட்டுப் பாடம் ஒப்பிக்குதுவே, நீரு கண்ண எங்க வச்சிருக்கீரு?" என்று கேட்டுவிட்டு, அதே ஆளோடு உட்கார்ந்து தோசை தின்றுவிட்டு வந்தார். அந்தப் பள்ளியில் அடுத்த மாதம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். மாதத்துக்கு ஒரு படி என்று மேடம் சொன்னது பொய்யில்லை. மாவட்டக் கூட்டத்தில் எங்கள் வட்டாரத்தைப் பார்த்துப் படியுங்கள் என்று சொன்னார்களாம். மேடம் வந்து அதை எங்களிடம் சொல்லும்போது சந்தோஷமாகச் சொல்லவில்லை. நல்லதுதான் நடந்தது. எங்கள் ஊருக்கு நடக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்து என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அந்தப் புது சுற்றறிக்கைக்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்துக்குக் காலையில் கடைக்குப் போய் வடை சொல்ல வேண்டியிருந்தது. உபரி ஆசிரியர்களைப் பிரித்து அனுப்புகிற பணி நிரவலில் சாரை வேறு வட்டாரத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அவர் தலைமையாசிரியர் இல்லை, அதனால் எந்தக் கூட்டத்துக்கும் வர வேண்டியதில்லை. கண்காணிப்பாளர் தலை நிமிராமல், "ஒண்ணு கொறச்சுச் சொல்லும்வே" என்றார்.

கடைக்காரர் எண்ணெயில் மாவைப் போட்டுக்கொண்டே கேட்டார். "என்ன அண்ணாச்சி, எப்பவும் சொல்லுத கணக்குல ஒண்ணு கொறையுதே. யாரு வரல?"

"எங்க ஊரு சாரு" என்றேன்.

"லீவா?"

"இல்ல. எங்க ஊர்ல பள்ளிக்கூடம் இல்ல."

அவர் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், அடுப்பில் வடை கருகப் போவதைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் பார்சலுக்காக ஓரமாக நின்றேன்.